பனி தள்ளும் வேலைக்கு டிராக்டரை வாடகைக்கு விடுவது எப்படி?

கனடாவின் ஒன்ராறியோவில் சோளமும் சோயாவும் அறுவடையாகி முடிந்த நவம்பரிலிருந்து, அடுத்த விதைப்புக்கு நிலம் காயும் ஏப்ரல் கடைசி வரை, பெரும்பாலான பண்ணைகளில் டிராக்டர் கொட்டகைக்குள் சும்மா நிற்கிறது. அதே மாதங்களில்தான் கடைத்தொகுதிகள், பண்டகசாலைகள், அடுக்குமாடிக் கட்டடங்கள் ஆகியவற்றின் வாகனத் தரிப்பிடங்களில் பனி தள்ளும் ஒப்பந்தக்காரர்களுக்கு இயந்திரங்கள் போதாமல் போகின்றன. ஆகவே வாடகைப் பேச்சு எழுவது இயல்பு, அந்தப் பேச்சு “மணித்தியாலத்துக்கு எவ்வளவு?” என்ற கேள்வியோடு தொடங்கி அதோடே முடிந்துவிடுவதுதான் வழக்கமான பிழை. முதல் தடவை என் டிராக்டரைக் கொடுத்தபோது நானும் அதை மட்டுமே கேட்டேன். இப்போது நான் வைத்திருக்கும் அளவுகோல் வேறு. மே மாதத்தில் விதைப்புக் கருவியைப் பின்னால் மாட்டி வயலில் இறக்கும் காலையில், டிராக்டர் போன நவம்பரில் இருந்தது போலவே வேலை செய்ய வேண்டும். வாடகைத் தொகை, காப்புறுதி, ஒப்பந்தம், பராமரிப்பு என்று எதை முடிவு செய்வதானாலும் அந்தக் காலையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுப் பாருங்கள். உங்களிடம் இருப்பது ஒரே ஒரு டிராக்டர் என்றால், மாட்டுக்குத் தீனி எடுப்பதற்கும் உங்கள் சொந்த வழியில் விழும் பனியைத் தள்ளுவதற்கும் அதுவே வேண்டியிருந்தால், இந்த யோசனையை இப்போதே கைவிடுவது நல்லது.

எந்த டிராக்டரைக் கொடுக்கலாம்

வேலையின் பாரத்தை எண்ணில் பார்த்தால் முடிவு எளிதாகும். ஒரு ஏக்கர் தரிப்பிடம் ஏறத்தாழ 4,047 சதுர மீற்றர். அதில் 10 சென்ரிமீற்றர் பனி விழுந்தால் 400 கன மீற்றருக்குச் சற்று மேல் வரும். புதிதாக விழுந்த இலேசான பனி கன மீற்றருக்கு 100 கிலோ என்று வைத்தால் அது 40 தொன். மழை கலந்த ஈரப்பனியாக 300 கிலோ என்று வந்தால் அதே தரிப்பிடத்தில் 120 தொன். இந்தப் பாரத்தை அதிகாலை இரண்டு மணிக்குத் தொடங்கிக் கடை திறப்பதற்கு முன்பு ஓரத்துக்குத் தள்ளிக் குவிக்க வேண்டும், அதுவும் முன்னே பின்னே என்று நூற்றுக்கணக்கான தடவை திரும்பித் திரும்பி. வயலில் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒரே கியரில் போவதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கிளச்சை மிதித்து முன்னும் பின்னும் மாற்ற வேண்டிய பழைய டிராக்டரை இந்த வேலைக்குக் கொடுத்தால் ஒரே குளிர்காலத்தில் கிளச் தகடு தேய்ந்து போகும். கைநெம்பை மட்டும் தட்டித் திசை மாற்றும் பவர் ஷட்டில் வகை, அல்லது எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தை இயக்கும் ஹைட்ரோஸ்ரற்றிக் வகை இருந்தால் மட்டுமே கொடுக்கலாம் என்பது என் கருத்து.

வணிகத் தரிப்பிட வேலைக்குப் பொதுவாகக் கேட்கப்படுவது 75 முதல் 150 குதிரைவலு வரையான, நாற்சக்கர இயக்கமும் மூடிய அறையும் உள்ள டிராக்டர். அறைக்குள் சூடாக்கி, பின்பக்கக் கண்ணாடித் துடைப்பான், நாற்புறமும் வேலை விளக்கு, கூரையில் சுழலும் மஞ்சள் விளக்கு ஆகியவை இருக்க வேண்டும். இவை சாரதியின் வசதிக்காக மட்டுமல்ல. பின்னால் பார்க்க முடியாத சாரதிதான் விளக்குக் கம்பத்தில் மோதுகிறார்.

முன்னால் மாட்டும் கருவியைப் பற்றித் தனியாகச் சிந்திக்க வேண்டும். புஷர் என்று எல்லோரும் சொல்லும் பெட்டி வடிவத் தள்ளுதகடு பெரும்பாலும் லோடர் கைகளில்தான் மாட்டப்படுகிறது. லோடர் அள்ளித் தூக்குவதற்காகச் செய்யப்பட்டது. மண்ணைத் தள்ளும் டோசரைப் போல வேகமாகப் போய் இடிப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. பனிக்கு அடியில் மறைந்திருக்கும் நடைபாதை விளிம்புக் கல்லிலோ, சற்று உயர்ந்து நிற்கும் வடிகால் மூடியிலோ 14 அடித் தகட்டின் ஒரு மூலை மட்டும் தட்டினால், அந்த அடி முழுவதும் ஒரே கைக்குப் போய் லோடர் கோணலாகிவிடும். ஆகவே இடறினால் தானாக மடங்கிக்கொடுக்கும் அடித்தகடு உள்ள புஷரை மட்டுமே மாட்ட அனுமதியுங்கள். ஒன்ராறியோவில் லிஸ்ரோவெலில் இயங்கும் எச்எல்ஏ, கியூபெக்கின் மெற்றல் பிளெஸ் போன்ற நிறுவனங்கள் இந்த வேலைக்கென்றே கருவிகளைச் செய்கின்றன. கியூபெக்கில் வீட்டு வழிகளைத் துப்புரவு செய்வோர் டிராக்டரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும், பனியை வாரி வீசும் புளோவரையே அதிகம் விரும்புகிறார்கள். பனி வீசும் இயந்திரத்தை 1925ஆம் ஆண்டில் உருவாக்கிய ஆர்தர் சிக்கார் அந்த மாகாணத்தவர்தான். உங்கள் டிராக்டர் அந்த வேலைக்குப் போவதானால், பின்னால் மாட்டும் கருவிக்கு எஞ்சினின் வலுவைக் கொடுக்கும் தண்டு நிமிடத்துக்கு 540 தடவை சுழல்கிறதா 1,000 தடவை சுழல்கிறதா என்பது புளோவரோடு பொருந்துகிறதா என்பதையும், கல் சிக்கினால் முறிய வேண்டிய பாதுகாப்பு ஆணிக்குப் பதிலாக யாராவது கெட்டியான இரும்பு ஆணியைச் செருகியிருக்கிறார்களா என்பதையும் நீங்களே குனிந்து பாருங்கள். அந்த ஆணி முறியாவிட்டால் முறிவது உங்கள் கியர்ப்பெட்டி.

ரயர் விடயத்தில் பல உரிமையாளர்கள் ஏமாந்துபோகிறார்கள். சேற்றில் கடித்துப் பிடிக்கும் ஆழமான சாய்வு வரிகளைக் கொண்ட வயல் ரயர், இறுகிய பனியிலும் தாரிலும் வழுக்கும். தாரில் தேய்வும் அதிகம். கட்டம் கட்டமாக வெட்டிய முகம் கொண்ட, பனிக்கென்று வரும் ரயர்கள் இருக்கின்றன. பின்லாந்தின் நோக்கியன் செய்யும் ரிஆர்ஐ வகை இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. குளிர்காலத்துக்கு வேறு ரயரும் சக்கரமும் மாட்டி, உங்கள் வயல் ரயரைக் கொட்டகையிலேயே வைத்துக்கொள்வதுதான் சிறந்த ஏற்பாடு. அந்தச் செலவை யார் ஏற்பது என்பதை முதலிலேயே பேசுங்கள். பின்ரயருக்குள் பாரத்துக்காக வெறும் தண்ணீர் நிரப்பியிருந்தால் அது உறைந்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. உறையாத திரவத்தையோ பின்னால் தொங்கும் இரும்புப் பாரத்தையோ மாற்றாகப் போடலாம்.

சாரதியோடா, சாரதி இல்லாமலா

இந்த ஒரு முடிவு மற்றெல்லாவற்றையும் மாற்றிவிடும். டிராக்டரை மட்டும் கொடுத்தால் நீங்கள் இயந்திர வாடகை பெறுபவர். நீங்களோ உங்கள் ஆளோ ஓட்டினால் நீங்கள் பனி தள்ளும் வேலையைச் செய்பவராகிறீர்கள். வழுக்கி விழுந்தவரின் வழக்கு முதல், தொழிலிடப் பாதுகாப்பு மற்றும் காப்புறுதிச் சபையின் கணக்கு வரை எல்லாம் உங்கள் பக்கம் நெருங்கி வருகிறது. மறுபுறம், சொந்தக்காரர் ஓட்டும் டிராக்டர் குறைவாகவே உடையும். இரவில் எழுந்து போகக்கூடிய உடல்நிலையும், அதற்கேற்ற காப்புறுதியும் உள்ளவருக்குச் சாரதியோடு கொடுப்பதே கூடுதல் வருமானம். பால் மாடு வைத்திருப்பவருக்கு அது சரிவராது. பனி விழும் அதே அதிகாலையில்தான் மாடும் கறக்க வேண்டும்.

சாரதி இல்லாமல் கொடுப்பதானால், யார் யார் ஓட்டுவார்கள் என்ற பெயர்ப் பட்டியலை ஒப்பந்தத்தில் சேர்த்து, அவர்கள் ஒவ்வொருவருக்கும் நீங்களே அரை நாள் காட்டிக்கொடுப்பதை நிபந்தனையாக்குங்கள். ஒப்பந்தக்காரர் நல்லவராக இருக்கலாம். ஆனால் உங்கள் டிராக்டரில் ஏறப்போவது அவர் அல்ல, பருவத்துக்கு மட்டும் சேர்ந்த ஒரு புதியவர்.

கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய அனுமதிகள்

டிராக்டருக்குக் கடனோ குத்தகையோ நிலுவையில் இருந்தால், மூன்றாம் ஆளுக்கு வாடகைக்கு விடலாமா என்பதை அந்தப் பத்திரத்திலேயே தேடிப் பாருங்கள். பெரும்பாலும் நிறுவனத்தின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டியிருக்கும். உற்பத்தியாளரின் உத்தரவாதத்திலும் விவசாயப் பாவனைக்கும் வணிகப் பாவனைக்கும் காலமோ மணித்தியாலமோ வேறுபடலாம்.

காப்புறுதிதான் மிகப் பெரிய விடயம். பண்ணைக் காப்புறுதி பண்ணை வேலைக்கானது. கட்டணத்துக்கு வெளியார் வேலை செய்வதும், இயந்திரத்தை வாடகைக்கு விடுவதும் பொதுவாக அதற்கு வெளியே நிற்பவை. முகவரைத் தொலைபேசியில் கேட்டு “பிரச்சினை இல்லை” என்ற பதிலோடு வைத்துவிடாதீர்கள். டிராக்டரின் தொடர் இலக்கம், வேலை நடக்கும் நகரம், ஓட்டப்போவது யார், எத்தனை மாதம் என்ற விபரங்களோடு மின்னஞ்சல் அனுப்பி, அதற்கு வரும் பதிலைச் சேமித்துவையுங்கள். ஒப்பந்தக்காரரின் பக்கத்திலிருந்து உங்களுக்கு இரண்டு காப்புகள் வேண்டும். ஒன்று, மற்றவருக்கு நேரும் காயத்துக்கும் சேதத்துக்கும் பொறுப்பேற்கும் வணிகப் பொறுப்புக் காப்புறுதி. அதில் பனி அகற்றும் வேலை விலக்கப்படவில்லை என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும், உங்கள் பெயரும் கூடுதல் காப்புறுதி பெறுபவராகச் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டு, வாடகைக்கு எடுத்த இயந்திரம் எரிந்தாலோ திருடப்பட்டாலோ புரண்டாலோ அதன் முழுப் பெறுமதியைத் தரும் காப்பு. அதில் பணம் பெறுபவராக உங்கள் பெயரோ கடன் கொடுத்தவரின் பெயரோ இருக்க வேண்டும். சான்றிதழை ஒப்பந்தக்காரரிடமிருந்து வாங்காமல் அவருடைய முகவரிடமிருந்து நேரடியாக வாங்குங்கள். டிசம்பரில் காட்டிய சான்றிதழ், தவணை கட்டாததால் பெப்ரவரியில் இரத்தாகியிருக்கலாம். இரத்தானால் உங்களுக்கும் அறிவிக்கும்படி அந்த முகவரிடம் கேட்டுவையுங்கள்.

வழுக்கி விழுந்தோர் தொடர்பாக ஒன்ராறியோவின் சட்டத்தில் 2021 ஜனவரி 29 முதல் ஒரு மாற்றம் நடைமுறையில் இருக்கிறது. தனியார் இடத்தில் பனியாலோ பனிக்கட்டியாலோ விழுந்து காயமடைந்தவர், சில விதிவிலக்குகள் தவிர, 60 நாட்களுக்குள் இட உரிமையாளருக்கோ பனி அகற்றிய ஒப்பந்தக்காரருக்கோ எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிவித்தல் வந்தவுடன் கேட்கப்படும் முதல் கேள்வி, அன்று எத்தனை மணிக்கு அந்த இடத்தில் யார் பனி தள்ளினார் என்பதே. டிராக்டரில் ஜிபிஎஸ் பதிவு இருந்தால் அந்தப் பதிவு உங்கள் கைக்கும் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தை மட்டும் கொடுத்தவரின் பெயரும் வழக்கில் இழுக்கப்படலாம். அந்த இரவில் டிராக்டர் அங்கே இருந்ததா இல்லையா என்று சொல்ல வேறு சாட்சி கிடைப்பது அரிது.

டிராக்டர் சொந்தச் சக்கரத்தில் சாலையில் ஓடினால், மெதுவாகச் செல்லும் வாகனத்துக்குரிய செம்மஞ்சள் முக்கோண அடையாளம் பின்னால் தெளிவாக இருக்க வேண்டும். பண்ணை வாகனத்துக்குச் சாலையில் உள்ள சலுகைகள் பண்ணை வேலையை மனத்தில் வைத்துக் கொடுக்கப்பட்டவை. ஆகவே இலக்கத்தகடு, சாரதி அனுமதிப் பத்திரம், வரிவிலக்கு பெற்ற சாயமிட்ட டீசல் ஆகிய மூன்றையும் மாகாண அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொண்ட பிறகே கொடுங்கள். தொட்டியில் சாய டீசல் மீதி இருக்கும் டிராக்டரை அப்படியே கையளித்துவிட்டுப் பின்னர் விளக்கம் சொல்லி அலைய வேண்டாம்.

வாடகையைக் கணக்கிடுதல்

பனி பெய்தால்தான் வேலை. ஆனால் உங்கள் செலவில் ஒரு பகுதி பனி பெய்தாலும் பெய்யாவிட்டாலும் போய்விடும். 2023–24 குளிர்காலம் கனடாவில் பதிவானவற்றுள் மிக வெப்பமானது. அந்தப் பருவத்தில் பல தரிப்பிடங்களில் டிராக்டர்கள் வாரக்கணக்கில் அசையாமல் நின்றன. 2025 பெப்ரவரி நடுவிலோ ரொறன்ரோவில் சில நாட்களுக்குள் அடுத்தடுத்துப் பெரும் பனி விழுந்து, தள்ளியதைக் குவிக்க இடமில்லாமல் போனது. இந்த இரண்டு வகைக் குளிர்காலத்தையும் தாங்கும் வாடகைதான் சரியான வாடகை.

ஓர் உதாரணம் வைத்துப் பார்ப்போம். எண்கள் கணக்கைக் காட்டுவதற்கு மட்டுமே, உங்கள் எண்களை நீங்கள் போட்டுக்கொள்ள வேண்டும். கூடுதல் காப்புறுதிக்கு 1,800 டொலர், துருத்தடுப்பு எண்ணெய்ப் பூச்சுக்கு 700, குளிர்கால ரயரின் இந்த வருடப் பங்காக 2,000 என்று நிலையான செலவு 4,500 டொலர். ஒவ்வொரு மணித்தியாலமும் ஓடுவதால் குறையும் விற்பனைப் பெறுமதி, எண்ணெய் மாற்றம், வடிகட்டி, தேய்மானம் எல்லாம் சேர்த்து மணிக்கு 22 டொலர். பருவத்தில் 400 மணி ஓடினால் மொத்தச் செலவு 13,300; மணிக்கு 33 டொலர் 25 சதம். வெறும் 120 மணி மட்டும் ஓடினால் மொத்தம் 7,140. மணிக்கு 59 டொலர் 50 சதம். மணிக்கு 45 டொலர் என்று பேசிவிட்டு இலாபம் என்று நம்பியிருப்பவர், பனி குறைந்த வருடத்தில் கைக்காசைப் போட்டு டிராக்டரைக் கொடுத்தவராகிறார்.

அதனால் நான் மணிக்கணக்கை மட்டும் வைத்துப் பேசுவதில்லை. நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை என்ற பருவத்துக்கு ஒரு நிலையான தொகை. அதற்குள் குறிப்பிட்ட மணித்தியாலங்கள் அடக்கம். அதற்கு மேல் ஓடும் ஒவ்வொரு மணிக்கும் தனிக் கட்டணம். ஓடாத மணிக்குப் பணம் திரும்பாது. ஒப்பந்தக்காரர் இதற்கு முகம் சுளித்தால், அவரும் தன் வாடிக்கையாளரிடம் பருவத்துக்கு இவ்வளவு என்றுதானே வாங்குகிறார் என்பதை நினைவூட்டலாம். நிலையான தொகையில் மூன்றிலொன்றைக் கையளிக்கும் அன்றே வாங்கி, மீதியை ஜனவரியிலும் பெப்ரவரியிலும் பிரித்து வாங்குங்கள். மார்ச்சுக்குத் தள்ளிவைத்த தவணை, பனி உருகும்போது அதோடு சேர்ந்து உருகிவிடும்.

வரியைப் பொறுத்தவரை, இயந்திர வாடகைக்கு ஒன்ராறியோவில் எச்எஸ்ரி எனும் 13 சதவீத விற்பனை வரி உண்டு. அடுத்தடுத்து வரும் நான்கு காலாண்டுகளில் வரிக்குரிய விற்பனை 30,000 டொலரைத் தாண்டாத சிறு வழங்குநர் பதிவு செய்யத் தேவையில்லை. ஆனால் பண்ணைக்காக ஏற்கெனவே பதிவு செய்தவர் இந்த வாடகைக்கும் வரி வாங்கியே ஆக வேண்டும். பேசிய தொகை வரி நீங்கலானது என்பதை எழுதிவையுங்கள்.

ஒப்பந்தத்தில் விடுபடக் கூடாதவை

நீண்ட சட்ட மொழி வேண்டாம். நான்கு பக்கம் போதும், ஆனால் அதைச் சட்டத்தரணி ஒருவர் பார்த்திருக்க வேண்டும். வேலை செய்யும் இடங்களின் முகவரி, மாட்ட அனுமதிக்கப்பட்ட கருவி, டிராக்டர் இரவில் நிற்கும் இடம், டீசலும் கிரீசும் யார் பொறுப்பு, எந்த எண்ணெய், எத்தனை மணிக்கு ஒரு தடவை மாற்றுவது ஆகியவற்றை எழுதுங்கள். இன்னொருவருக்கு மறுவாடகைக்கு விடக் கூடாது என்பதும், ரயரில் சங்கிலி மாட்டுவதற்கு உங்கள் சம்மதம் வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட வாடகை என்றால் ஒன்ராறியோவின் தனியாள் சொத்துப் பிணைப் பதிவில் உங்கள் உரிமையைப் பதிய வேண்டும். இல்லையேல் அவர் கடனில் மூழ்கும்போது அவருடைய கடன்காரர் உங்கள் டிராக்டருக்கும் கைநீட்டலாம். பருவத்துக்கு மட்டும் கொடுத்து ஏப்ரலில் திரும்பப் பெறுவது இந்த வகையிலும் பாதுகாப்பானது.

பலர் எண்ணாத வாசகம் ஒன்று உண்டு. உங்கள் எழுத்துமூலச் சம்மதமின்றி டிராக்டரை வெளித் திருத்தகத்தில் விடக் கூடாது. திருத்தியவருக்குப் பணம் கிடைக்காவிட்டால், இயந்திரத்தைப் பிடித்துவைக்கும் உரிமையை மாகாணச் சட்டம் அவருக்கு அளிக்கிறது. பணம் கட்டாதவர் ஒப்பந்தக்காரர், பூட்டிய வாசலுக்கு உள்ளே நிற்பது உங்கள் டிராக்டர்.

உப்பைப் பற்றியும் ஒரு முடிவு எடுங்கள். பின்னால் உப்புத் தூவியை மாட்டிக்கொண்டு ஓடும் டிராக்டர், பனி மட்டும் தள்ளும் டிராக்டரைவிடப் பல மடங்கு துருப்பிடிக்கும். சாதாரண உப்பு ஏறத்தாழ மறை 9 பாகைக்குக் கீழே வேலை செய்யத் தயங்குவதால், கடுங்குளிரில் கல்சியம் குளோரைட்டும் மக்னீசியம் குளோரைட்டும் வருகின்றன. இவை காற்றிலுள்ள ஈரத்தையே இழுத்துக்கொண்டு நனைந்தபடி ஒட்டியிருப்பதால், டிராக்டர் கொட்டகைக்குள் காய்ந்தபடி நிற்கிறது என்று நீங்கள் நினைக்கும்போதும் அரிப்பு நடந்துகொண்டிருக்கும். தூவிக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிடுவதே என் வழக்கம். அனுமதிப்பதானால் அதற்குத் தனி வாடகை வாங்குங்கள்.

கையளிக்கும் நாள்

இரண்டாம் வருடம் நான் கொடுத்த டிராக்டர் ஏப்ரலில் திரும்பி வந்தபோது, வாளியை மாட்டிச் சமதரையில் இறக்கினேன். இடது மூலை தரையைத் தொட்டது. வலது மூலைக்கு அடியில் என் மூன்று விரல்கள் தாராளமாக நுழைந்தன. லோடர் கை முறுகியிருந்தது. எடுத்தவர், கொடுக்கும்போதே அப்படித்தான் இருந்தது என்றார். என்னிடம் இருந்த படங்களோ டிராக்டரை அழகாகத் தூரத்திலிருந்து எடுத்தவை. அவர் பொய் சொன்னாரா, அவருடைய சாரதி அவரிடம் சொல்லவில்லையா என்பது இன்றுவரை தெரியாது. திருத்தச் செலவு மட்டும் என்னுடையதாயிற்று.

அன்றிலிருந்து கையளிக்கும் நாளில் இருவரும் சேர்ந்தே பார்க்கிறோம். வாளியைக் கொங்கிறீற் தரையில் இறக்கி, இரு மூலைக்கும் அடியில் அளவுநாடாவை வைத்துப் படம் எடுக்கிறோம். மணித்தியால மானி, நான்கு ரயரின் வரி ஆழம், லோடர் ஆணிகளின் ஆட்டம், முன்னச்சின் இரு முனை, கண்ணாடிகள், ஒவ்வொரு விளக்கு என்று நெருக்கத்தில் படம் பிடித்து, அன்று மாலையே அவருக்கு அனுப்பி “சரி” என்ற பதிலை வாங்கிவிடுகிறேன். அவருடைய இடத்திலும் ஒரு தடவை நடந்து பாருங்கள். முதற்பனிக்கு முன்பே விளிம்புக் கல், வடிகால் மூடி, தீயணைப்புக் குழாய் ஆகியவற்றின் அருகே உயரமான அடையாளக் குச்சிகளை நட்டிருக்கும் ஒப்பந்தக்காரர் கவனமானவர். குச்சி இல்லாத இடத்துக்கு என் டிராக்டரை நான் இப்போது அனுப்புவதில்லை.

சாவியைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே நிறுவனத்தின் பல டிராக்டர்கள் ஒரே சாவியில் இயங்கும்; அந்தச் சாவி எந்த உதிரிப்பாகக் கடையிலும் கிடைக்கும். இரவில் ஆளில்லாத கடைத்தொகுதியின் மூலையில் நிற்கும் டிராக்டருக்கு அது பூட்டே அல்ல. பற்றரி இணைப்பைத் துண்டிக்கும் ஆளி ஒன்றும், மறைவான இடத்தில் ஜிபிஎஸ் ஒன்றும் வையுங்கள். புதிய எஞ்சின்களில் நிறுத்தியவுடன் ஆளியைத் திருப்பக் கூடாது. எஞ்சின் புகையைத் துப்புரவாக்கும் டெஃப் திரவம் குழாய்களிலிருந்து தொட்டிக்குத் திரும்பச் சில நிமிடங்கள் தேவை.

சாரதிகளுக்குக் காட்டிக்கொடுக்கும்போது அதிக நேரத்தைக் குளிர்த் தொடக்கத்தில் செலவிடுங்கள். எஞ்சினைச் சூடாக்கும் புளொக் ஹீற்றரை வேலைக்குச் சில மணித்தியாலங்கள் முன்பே மின்சாரத்தில் செருக வேண்டும். அதற்கு டிராக்டர் நிற்கும் இடத்தில் மின் இணைப்பு இருக்க வேண்டும், மெல்லிய வீட்டு வயர் நீட்டிப்புக்கு அந்தப் பாரம் தாங்காது. எஞ்சின் சூடானாலும் ஹைட்ரோலிக் எண்ணெய் சூடாகவில்லை. முதல் பத்து நிமிடம் லோடரை மெதுவாக ஏற்றி இறக்கிய பின்பே தள்ளத் தொடங்க வேண்டும். கோடையில் நிரப்பிய டீசல் மெழுகு கட்டி வடிகட்டியை அடைக்கும் என்பதால் குளிர்கால டீசல் மட்டுமே ஊற்ற வேண்டும். டெஃப் திரவம் மறை 11 பாகையில் உறையும். தொட்டியிலுள்ளதை எஞ்சின் தானே உருக்கிக்கொள்ளும், ஆனால் வெளியே வைத்த கலன் கட்டியாகிவிடும். குளிருக்கு அஞ்சி இரவு முழுவதும் எஞ்சினைச் சும்மா ஓடவிடும் பழக்கத்தைக் கட்டாயம் தடுக்க வேண்டும். பாரமின்றி ஓடும் எஞ்சினில் புகைக்கரி வடிகட்டி எரிந்து துப்புரவாகும் அளவு சூடு வராது. அடைபட்டு, பெரும் பனி விழும் இரவில் சிவப்பு விளக்கைக் காட்டி வலுவைக் குறைத்துக்கொள்ளும். ஓடிய மணித்தியாலத்துக்கு வாடகை கொடுப்பதானால், சும்மா ஓடிய மணியும் மானியில் ஏறியே தீரும் என்பது சாரதிகளை அடக்க ஒப்பந்தக்காரருக்கே நல்ல காரணமாக அமையும்.

குளிர்காலத்தின் நடுவிலும், திரும்பி வரும்போதும்

கொடுத்துவிட்டு மறந்துவிடுவது எளிது. கொட்டகை வெறுமையாக இருக்கிறது, காசோலை வருகிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது பகலில் போய்ப் பாருங்கள். லோடர் ஆணிகளிலும் முன்னச்சிலும் புதிய கிரீஸ் பிதுங்கி நிற்கிறதா, குளிரூட்டித் திரவம் இறங்கியிருக்கிறதா, ஹைட்ரோலிக் இணைப்பு முனைகளில் மூடி இருக்கிறதா என்று பார்க்க இருபது நிமிடம் போதும். புஷரைக் கழற்றி மாட்டும்போது அந்த முனையில் ஒட்டிய உப்பு மணலைத் துடைக்காமல் செருகினால், அது நேரே எண்ணெயோடு வால்வுக்குள் போய்விடும். எண்ணெய் மாற்றத்தை நான் அவரிடம் விடுவதில்லை. உரிய மணித்தியாலம் வந்ததும் நானே போய் மாற்றி, செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன்.

ஏப்ரலில் திரும்பி வந்த டிராக்டரை உடனே கழுவ வேண்டும், அதுவும் உயரழுத்த நீரால் மேலோட்டமாக அல்ல. வெதுவெதுப்பான நீரால் அடிப்பகுதி, ரேடியேற்றரின் இடுக்கு, படிக்கட்டின் பின்புறம், பற்றரிப் பெட்டி என்று நிதானமாகக் கழுவுங்கள். உயரழுத்தக் குழலை மின் இணைப்பிகளுக்கு நேரே பிடித்தால் உப்பை உள்ளே ஏற்றிவிடுவீர்கள். பிறகு இணைப்பிகளைக் கையால் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். ஊசிகளில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் துப்புரவாக்கி, மின் இணைப்புக்கான கிரீஸ் தடவி மூடுங்கள். இப்போது விட்டுவிட்ட ஒரு பச்சைப் புள்ளிதான் ஜூலையில் வைக்கோல் கட்டும் நடுவே, காரணம் தெரியாத எச்சரிக்கை விளக்காக வந்து நிற்கும்.

சேதத்துக்குப் பிணையாக வாங்கிய வைப்புப் பணத்தை, டிராக்டரைக் கழுவிய அன்றே திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். திரும்பி வந்த நாளிலிருந்து 21 நாட்கள் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், அதற்குள் வயல் ரயரை மாட்டி, கையளித்த நாளின் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒப்பிட்டு, கனமான கருவி ஒன்றைப் பின்னால் தொங்கவிட்டு இரண்டு நாள் வேலை வாங்கிப் பார்க்கலாம். திசை மாற்றும்போது தயக்கம், பாரத்தைத் தூக்கியபின் மெல்ல இறங்குதல், முன்சக்கரத்தில் கிறீச்சிடல் ஆகியவை பாரத்தில்தான் தெரியும். அந்த இரண்டு நாளும் ஒழுங்காக ஓடினால், மூன்றாம் நாள் வைப்புப் பணத்துக்கான காசோலையை எழுதி அனுப்பிவிட்டு, வருகிற நவம்பருக்கான தொகையையும் அவரோடு அப்போதே பேசிவிடுங்கள்.